துண்டுக்குள் பேசிய விலை

எங்கள் தெருவில் சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையது. நான்காம் வகுப்பில் இதை நான் சொல்லாத ஆள் ஒருவரும் இல்லை. இன்று அதே வீட்டுக்கு என் மகனைக் கூட்டிக்கொண்டு போனால், முதல் வேலையாகப் பீரோவின் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். பூட்டித்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறேன். தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டுக்குள் இருக்கின்றன என்று அப்பா ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்வார்.

அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்று ஆம்பூருக்குத் திரும்பியபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு வேலை எப்போதும் காத்திருக்கும்: ஷூ கம்பெனி கேட்டில் நிற்பது. அப்பாவும் நின்றார். கையில் தடி, கழுத்தில் விசில். கார் வந்தால் கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத கறுப்புக் கண்ணாடிக்குச் சல்யூட் அடிப்பது அவருக்குப் பழக்கமில்லை. வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

பிறகு ஒரு வங்கியில் காவலுக்கு ஆள் கேட்டார்கள். சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருந்தால் கன்மேன். இல்லாவிட்டால் வாட்ச்மேன். லைசென்ஸ் ஒருவழியாகக் கைக்கு வந்தது. ஆனால் புதுத் துப்பாக்கி வாங்க எங்களுக்கு வசதியில்லை. மாதக் கடைசிக்குள் துப்பாக்கியோடு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மேல்விஷாரத்தில் ஒரு தோல் வியாபாரி தன் ரைபிளை விற்கப் போவதாக அப்பாவின் பட்டாள நண்பர் வந்து சொன்னார். ராணுவம் வேண்டாமென்று கழித்து விற்றது அது. ஓர் அதிகாரி வாங்கி வைத்திருந்து, அவரிடமிருந்து இந்த வியாபாரியின் கைக்கு வந்தது. வியாபாரிக்கு வயதாகிவிட்டது, தன் லைசென்ஸ் முடிவதற்குள் நல்ல ஆளிடம் கொடுத்துவிட நினைத்தார். கலெக்டர் ஆபீசிலிருந்து அனுமதியும் வந்துவிட்டது. மிச்சம் விலைதான்.

அம்மாவுக்குக் கவலையே அந்த விலைதான். அப்பா பேரம் பேசி அறியாதவர். சோற்றிலிருந்து பூட்ஸ் வரை பட்டாளம் கொடுத்ததை வாங்கிப் பழகியவர். கொத்தமல்லிக் கட்டைக்கூடச் சொன்ன விலைக்கு வாங்கி, கடைக்காரருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவார். ரைபிள் பார்க்கப் போக வேண்டிய அன்று எனக்கு அரையாண்டுப் பரீட்சை விடுமுறை. அம்மாவுக்கு ஷூ கம்பெனித் தையலில் லீவு கிடைக்கவில்லை. அதனால் அப்பாவோடு நான் போவதென்று ஆயிற்று. சீட்டு எடுத்த பணத்தை அப்பாவின் உள்பையில் வைத்து ஊக்கு குத்தியபடி அம்மா சொன்னாள்:

"அவுரு வெல சொன்னதும் சல்யூட் அடிச்சிட்டு எடுத்துக் குடுத்துடாதீங்க. கொஞ்சம் கொற சொல்லுங்க, மூஞ்சிய சுளிங்க. இது முழுசும் போச்சின்னா பொங்கலுக்கு அரிசி இல்ல."

பிறகு என் பக்கம் குனிந்து, அவர் என்ன சொன்னார், அப்பா என்ன கேட்டார் என்று ஒன்று விடாமல் வந்து சொல்ல வேண்டும் என்றாள். அப்படி ஒரு பொறுப்பை யாரும் எனக்குத் தந்ததில்லை. பஸ்ஸில் போகும்போது காதை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

மேல்விஷாரத்துப் பெரியவருக்கு வெள்ளைத் தாடி, தோளில் ஒரு துண்டு. எனக்கு பிஸ்கட்டும் அப்பாவுக்கு டீயும் வரவழைத்துவிட்டு, உள்ளே போய் ரைபிளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அது தோல் உறைக்குள் இருந்தது. அவ்வளவு அழகான தோலை, தோல் ஊரிலேயே பிறந்த நான்கூடப் பார்த்ததில்லை.

"நம்ம டேனரில பதம் போட்ட தோலு, ஹவில்தார் சாப். துப்பாக்கியக் குடுக்க மனசு வந்துடுச்சி, இந்த ஒறையக் குடுக்கத்தான் பேஜாரா கீது."

அப்பா உறையின் வாரை அவிழ்த்து ரைபிளை வெளியே எடுத்தார். தோல் பட்ட இடமெல்லாம் இரும்பில் பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. அப்பா விரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாரோ என்னவோ.

"தப்பா எடுத்துக்காதீங்க பாய். தோல் ஒறைல வெச்சா இரும்பு தாங்காது. ஈரத்த இழுத்துக்கும். தோலுக்குப் போட்ற மருந்தே இரும்பத் தின்னுடும்."

பெரியவர் உறையை வாங்கி முகர்ந்து பார்த்தார். இந்தத் தோலா என்று மட்டும் கேட்டார். இருப்பதிலேயே நல்ல பொருளை, இருப்பதிலேயே நல்ல தோலில் வைத்திருந்தார். வேறு ஊர்க்காரராக இருந்தால் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டிருப்பார், துப்பாக்கி பிழைத்திருக்கும்.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அப்பா குறை சொல்லிவிட்டார். அம்மா சொன்னதுபோலவே நடக்கிறது. ஆனால் அப்பா அதோடு நிறுத்தவில்லை. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளைக்கு நேராகக் கட்டைவிரல் நகத்தை வைத்து வெளிச்சத்தை உள்ளே திருப்பி, முன்பக்கமாகக் குழலுக்குள் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே வளையல் அடுக்கியதுபோல் பளபளவென்று சுற்றிச் சுற்றிப் போயிற்று.

"உள்ள கண்ணாடியா இருக்கு பாய். வெளித் துருவ நான் தேச்சே எடுத்துடுவேன்" என்றார் அப்பா.

விலை பேசுமுன் பொருளைப் புகழ்ந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது பெரியவர் தோள் துண்டை எடுத்து விரித்து, அதற்கடியில் அப்பாவின் கையைப் பிடித்திருந்தார். அப்பா அதைக் கைகுலுக்கல் என்று நினைத்துப் பட்டாளத்து அழுத்தத்தோடு குலுக்கிவிட்டார். பெரியவர் வலியில் முகம் சுளித்துச் சிரித்தார்.

"வெரலு ஒடஞ்சிடும் சாப். பச்சத் தோலு வாங்கறப்ப நாங்க வாயால வெல பேசறதில்ல. நான் எத்தினி வெரலப் புடிக்கிறனோ அதான் வெல. உங்க வெலய நீங்க என் வெரல்ல சொல்லுங்க."

அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. துண்டு மட்டும் அசைந்தது. என் காதால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்ததும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். பெரியவர் மறுபடியும் பிடித்தார். அப்பா மறுபடியும் மறுத்தார். பெரியவர் புருவத்தைத் தூக்கினார், உதட்டைப் பிதுக்கினார், ஒருமுறை கோபித்துக்கொண்டு கையை இழுத்துக்கொள்ளவும் பார்த்தார். அப்பா விடவில்லை. கடைசியில் இருவரும் சிரித்தார்கள். துண்டு பழையபடி தோளுக்குப் போயிற்று.

அப்பா ஊக்கைக் கழற்றிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்தார். மிச்சத்தை உள்ளே வைத்து மறுபடியும் ஊக்கு குத்தினார். உறை பெரியவரிடமே நின்றுவிட்டது. ரைபிளைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தோம். என்ன விலை என்று பஸ்ஸில் கேட்டேன். நியாயமான விலை என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார், பெரியவர் விலையில் இறங்கிக்கொண்டே வந்தார் என்றேன். அம்மா மிச்சப் பணத்தைப் பார்த்தாள். அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். சாயங்காலம் கேசரி கிண்டினாள். தோல் வியாபாரியையே பேரத்தில் ஜெயித்தவர் என்று நான் பள்ளியில் அளந்தேன்.

சென்ற ஆண்டு என் மகனுக்குக் காது குத்திய அன்று, வந்திருந்தவர்களிடம் அம்மா இந்தக் கதையை எடுத்தாள். அப்பா பேரனை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவுரு எங்க எறங்குனாரு? நான்தான் ஏத்திக்கினு போனேன்" என்றார்.

முதலில் பெரியவர் பிடித்தது சும்மா கொடுப்பதுபோன்ற விலையாம். தன் தோல் கெடுத்த இரும்புக்குத் தானே தண்டம் கட்டுகிறவர்போல் இருந்ததாம். அந்த விலைக்கு வாங்க அப்பாவுக்குக் கை வரவில்லையாம்.

"உங்களுக்குத்தான் அந்த வெரல் கணக்கே தெரியாதே. தப்பாப் புடிச்சிருப்பீங்க" என்று அம்மா சீறினாள். இத்தனை வருடம் கழித்து அந்தக் கேசரி அவளுக்குக் கசந்திருக்க வேண்டும். அப்பா பேரனின் விரல்களைப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அப்படிச் செய்துவிட்டு வந்தால் எனக்குத் தூக்கம் வராது. பொங்கல் அரிசியை நினைத்தால் அம்மா பக்கம் சாய்கிறேன். அப்பாவை நினைத்தால் சாய முடியவில்லை. எது சரி என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா வங்கியில் சேர்ந்த முதல் நாள், சாலைக்கு எதிர்ப்பக்கம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துரு தேய்த்த ரைபிள் அவர் தோளில் மின்னியது. கதவருகே அவர் நின்ற நிலையை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. துப்பாக்கி இருந்தால் யாரும் அப்படி நிமிர்ந்து நிற்கலாம் என்றுதான் அன்று நினைத்தேன்.