தங்கமணி ஓட்டிய வீடு

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் பன்னிரண்டு மா நிலம் வைத்திருக்கும் துரைராசுவைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வம்பு வழக்கு கிடையாது. மூன்று மா ஒரு ஏக்கர் என்று கணக்குப் போட்டால் நாலே ஏக்கர்தான். அந்த நாலு ஏக்கரை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி சில ராஜாக்கள் ராஜ்யத்தைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தங்கச்சி மகள் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு, வயலுக்கு முறைத் தண்ணீர் வந்துவிட்டது என்று பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறிய மனிதர். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவி தங்கமணிக்கு அவர்மேல் இருந்த ஒரே வருத்தம் அதுதான்.

தங்கமணிக்குப் பிறந்த ஊர் பூதலூர். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் வீடு. வருகிற போகிற ரயிலைப் பார்த்தே வளர்ந்தவள், வாக்கப்பட்டு வந்தது கால்நடையாகக்கூட அடுத்த ஊருக்குக் கிளம்பாத ஒரு ஆளிடம். என்ன செய்வது, தலையெழுத்து என்று இருந்துவிட்டாள்.

அந்தத் தலையெழுத்தைக் கெடுத்தவன் அவர்கள் மகன் இளஞ்செழியன். மெல்பர்னில் வேலை பார்க்கிற அவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா அம்மாவை அழைத்துப்போய், வீடு மாதிரியே இருக்கும் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் கடலோரமாகச் சுற்றிக் காட்டினான். வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்க் குழாய். காலையில் கதவைத் திறந்தால் கடல், சாயங்காலம் திறந்தால் தேசியப் பூங்கா. துரைராசு கங்காருவைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "இதுங்க பயிர்ல எறங்காதா?" என்பது. தங்கமணி கங்காருவை அவ்வளவாகப் பார்க்கவில்லை. பக்கத்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த எழுபது வயது அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வண்டியை நிறுத்தி, இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு டீ போட ஆரம்பித்தாள்.

ஊர் திரும்பியதும் தங்கமணி கேட்டாள்.

"ஏங்க, அங்க மட்டும்தான் கடல் இருக்கா? நம்ம கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் என்ன கொறைச்சல்? மண்டபத்துக்கிட்ட கடலுக்குள்ளேயே தேசியப் பூங்கா இருக்காம். புள்ள போன்ல காட்டுனான்."

"இருந்துட்டுப் போவட்டும்," என்றார் துரைராசு.

அவர் அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தார். தங்கமணிக்கு அது ஆரம்பம். ஐம்பத்தாறாவது வயதில் கார் ஓட்டப் பழகினாள். மன்னார்குடியில் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் ஜெயித்தாள். ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய மஞ்சள் வேனை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டாள். வெல்டிங் பட்டறையில் பக்கத்திலேயே நின்று அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் வைத்தாள். ஜன்னலுக்குப் பழைய புடவையில் திரை. நெல் காயவைக்கிற தார்ப்பாயைச் சுருட்டி வேன் தலைமேல் கட்டி, இழுத்தால் பந்தலாகிற மாதிரி செய்தாள். ஊர் வாயடைத்துப் போனது. வாயடைத்தது ஒரு நாள்தான், மறுநாளிலிருந்து பேசியது.

துரைராசுவுக்கு மானம் போனது. சமையல் கான்ட்ராக்டர் சாரங்கபாணி வந்து, "அண்ணே, கல்யாணத்துக்கு அண்டா குண்டா ஏத்த இந்த வண்டி தோதா இருக்கும், எனக்குக் குடுத்துருங்க" என்றபோது உடனே தலையாட்டிவிட்டார். அன்றைக்குத் தங்கமணி போட்ட சத்தத்தில் மாடு கட்டுத்தறியை அறுத்துக்கொண்டது. கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அறுவடை முடிந்து மூன்று நாள் போவது. கோடியக்கரை, முத்துப்பேட்டை, அவ்வளவுதான். அந்த மூன்று நாளுக்குள் துரைராசு தன் வாயால், தானாகவே, "இன்னும் கொஞ்ச தூரம் போவோம்" என்று சொன்னால் வண்டி வீட்டில் இருக்கும். சொல்லாவிட்டால் நாலாம் நாள் சாரங்கபாணியின் அண்டா அதில் ஏறும். தங்கமணி கேட்கக் கூடாது, கெஞ்சக் கூடாது, மூக்கைச் சிந்தவும் கூடாது.

"நான் எங்க சொல்லப் போறேன்," என்று துரைராசு சிரித்தார். அவர் சிரித்ததுதான் தங்கமணிக்குப் பயமாக இருந்தது.

தை கடைசியில் சம்பா அறுத்து, நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. அறுப்புக்கு முன்பே நின்ற பயிருக்குள் விதைத்த உளுந்து, ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தானே வளர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் பொறுப்பையும் மாட்டையும் பக்கத்து வயல்காரர் கண்ணுசாமியிடம் நாலு தரம் ஒப்படைத்துவிட்டு, துரைராசு வண்டியில் ஏறினார். கையில் மண்வெட்டி.

"அது எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

முதல் நாள் பாதி வழி அவர் கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வேதாரண்யம் தாண்டி உப்பளங்களைப் பார்த்ததும்தான் கொஞ்சம் நிமிர்ந்தார். பாத்தி கட்டி, வரப்பு போட்டு, மடை திறந்து தண்ணீர் விடுகிறார்களே! வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். நிறுத்திய இடம் மணல். பின்சக்கரம் புதைந்துகொண்டது. தங்கமணிக்கு வியர்த்துக் கொட்டியது. துரைராசுவோ சந்தோஷமாக மண்வெட்டியை எடுத்துப் பத்தே நிமிஷத்தில் சக்கரத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, "இப்ப எடு" என்றார். அதற்குப் பிறகு கோடியக்கரை வரை பிரேக்கை மிதிக்கவில்லை.

கோடியக்கரைக் காட்டில் வெளிமான் கூட்டம் கூட்டமாக மேய்ந்தது. "இம்புட்டுக்கும் வேலியே கெடையாதா?" என்று கவலைப்பட்டார். சதுப்பில் நின்ற பூநாரைகளைத்தான் அவருக்குப் பிடித்தது. "பாரேன், நடவு ஆளுங்க மாதிரி குனிஞ்ச தலை நிமிராம வேலை பாக்குதுங்க" என்றார். வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு வெளியே, ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வேனை நிறுத்தித் தூங்கினார்கள். தங்கமணி ரசம் வைத்தாள். அவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் முத்துப்பேட்டைச் சாலையில் ஒரு நெல் கொள்முதல் நிலையம் வந்தது. டிராக்டரும் குட்டி லாரியுமாக வரிசை. வரிசையின் கடைசியில் ஒரு தூங்குமூஞ்சி மரம், நல்ல நிழல். நெல் வண்டி வரிசையைப் பார்த்தால் துரைராசுவுக்கு வேறு எதுவும் தோன்றாது.

"கடைசி வண்டிக்குப் பின்னாடி போடு. இடிக்காம, ஒட்டிப் போடு."

தங்கமணியும் போட்டாள். அவளும் எத்தனை போகம் அந்த வரிசையில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள்! கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இருவரும் உள்ளே படுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காது கிழிகிற ஹாரன் சத்தம். திரையை விலக்கிப் பார்த்தால், முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்துபோய் வெறும் தரை. பின்னால் பதினோரு வண்டி. வேன் தலையில் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, இதுவும் நெல் வண்டி என்று நம்பி ஒருவர் பின் ஒருவராக வரிசை பிடித்திருக்கிறார்கள்.

"யோவ், நெல்ல எறக்குறியா, இல்ல அடை காக்குறியா?" என்று ஒரு டிராக்டர்க்காரர் வந்து கதவைத் தட்டினார்.

தங்கமணி கதவைத் திறந்தாள். உள்ளே கட்டில், அடுப்பு, ஆணியில் தொங்கும் சட்டை, கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் துரைராசு. டிராக்டர்க்காரர் தலையை உள்ளே விட்டு ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் ஒருவர் சிரித்தார், பின்னால் பதினோரு வண்டியும் சிரித்தது. கோபம் போகவேண்டுமே என்று தங்கமணி அத்தனை பேருக்கும் டீ போட்டாள். டம்ளர் நாலுதான், கழுவிக் கழுவிக் கொடுத்தாள்.

கதவைத் தட்டிய டிராக்டர்க்காரர் பெயர் அப்துல் ஜலீல். முத்துப்பேட்டைப் பக்கம் ஆறு மா குத்தகைக்குச் செய்கிறார், அலையாத்திக்காட்டுக்குப் படகும் ஓட்டுகிறார். "நாளைக்குக் காலைல வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். வனத்துறைல சீட்டு வாங்கிடலாம்" என்றார்.

மூன்றாம் நாள் காலை. கெடு அன்றோடு முடிகிறது. துரைராசு பல் துலக்கும்போதே, "சாயங்காலம் மாடு கறக்குறதுக்குள்ள வீடு போயிடலாம்ல?" என்று கேட்டார். தங்கமணி பாத்திரத் தொட்டியை மட்டும் தேவைக்கு அதிகமாகத் தேய்த்தாள். தன் கையால் இடம் பார்த்து வைத்த தொட்டி. அதில் சாரங்கபாணியின் ஆட்கள் நாளைக்குக் கரண்டி கழுவப் போகிறார்கள்.

படகு கிளம்பியது. இரண்டு கரையிலும் புல், பனை, பிறகு மெல்ல மெல்ல அலையாத்தி மரங்கள்.

"இது என்ன ஆறு பாய்?" என்றார் துரைராசு.

"கோரையாறுண்ணே."

"எந்தக் கோரையாறு?"

"எத்தனை இருக்கு? நீடாமங்கலத்துல பிரியுதே, அதேதான்."

தெரியாத விஷயமா? கோரையாறு முத்துப்பேட்டையில் கடலில் சேருகிறது என்று துரைராசுவுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் நாற்பது வருஷம் ராத்திரி பகலாக அதன் தண்ணீருக்குக் காவல் இருந்தவர், அது போய்ச் சேருகிற இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எட்டிக் கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடித்தார். குடித்த வேகத்தில் துப்பினார்.

"உப்பு!"

"பின்ன? நல்ல தண்ணியத்தான் மேலேயே நீங்க குடிச்சுப்புடுறீங்களே. கடைமடைக்காரன் நான், நட்ட பயிர் காயுதுன்னு அங்க பாத்துக்கிட்டு இருப்பேன். இப்ப வேடிக்கை பாக்க வந்திருக்கீங்களாக்கும்," என்று ஜலீல் துடுப்பைக் காட்டி மிரட்டினார்.

துரைராசு வாய்விட்டுச் சிரித்தார். தங்கமணி அவர் சிரிப்பதை வருஷத்துக்கு இரண்டு தரம் கேட்பாள், இது வேறு சிரிப்பு. சிரித்து முடித்ததும், "ஒரு வருஷம் எங்க முறை முடிஞ்சும் மடைய அடைக்காம விட்டுட்டேன் பாய். ஒரு நாள் முழுக்க," என்றார். ஜலீல், "போகுது விடுங்க. எனக்கு மேல இருக்கிறவன் எல்லாம் அதத்தான் சொல்றான்," என்றார்.

அப்போது மரங்கள் விலகி, காயல் கண்ணெட்டும் தூரம் விரிந்தது. கரையே தெரியவில்லை. நீர்க்காகங்கள் கூட்டமாக எழுந்தன. கூழைக்கடா ஒன்று படகுக்குப் பக்கத்திலேயே சாவகாசமாக மிதந்தது. துரைராசு படகில் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, உக்காருங்க, கவுந்துரும்" என்று ஜலீல் கத்தியும் உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வயலைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். தங்கமணிக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். வண்டி போனாலும் போகட்டும், இந்த மனுஷனை இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்று இருந்தது.

ஆனால் கரையேறி வந்த பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜலீலிடம் விடைபெற்றார். வேனில் ஏறி உட்கார்ந்தார். தங்கமணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்தாள். மணி இரண்டு.

போன் அடித்தது. கண்ணுசாமி. பயிர் விஷயம் என்றால் அவர் கத்தித்தான் பேசுவார், தங்கமணிக்கும் கேட்டது.

"அண்ணே, ஆடு உளுந்துல எறங்கிடுச்சுண்ணே! நான் சாப்பிடப் போன நேரம் பாத்து! மேலண்டைப் பக்கம் ஒரு மாவுக்கு மேஞ்சிடுச்சு. ஒடனே வந்தீங்கன்னா..."

அவ்வளவுதான். பந்திக்கு உட்காராமல் போன மனுஷன் இதற்குப் பிறகு நிற்பாரா? தங்கமணி வண்டியைக் கிளப்பி, மூக்கை மன்னார்குடிப் பக்கம் திருப்பினாள்.

"ஒரு மாவா?" என்றார் துரைராசு போனில். படகுத்துறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "சரி. மேஞ்சது மேஞ்சு போச்சு. மிச்சம் இருக்கிறது காய்க்கும். கருவ முள்ள வெட்டி மறிச்சுப் போடு கண்ணுசாமி. மாட்டையும் நீயே கறந்துக்க. நாங்க வர அஞ்சு நாள் ஆகும்."

வண்டி நின்றுவிட்டது. தங்கமணி கிளட்சை விட்டுவிட்டாள்.

"எந்தப் பக்கம் திருப்புற நீ? மண்டபம் தெக்கால இல்ல இருக்கு?"

"நீங்க... நீங்களாத்தான் சொல்றீங்களா?"

"பின்ன ஜலீலா சொல்றாரு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மூக்கையும் சிந்தினாள். இனிமேல் சிந்தலாம். துரைராசு அதைப் பார்க்காதவர் மாதிரி போனில் எதையோ தேடி, நம்பரைப் போட்டார்.

"யாரு, சாரங்கபாணியா? துரைராசு பேசுறேன்... வண்டி இல்லப்பா... இல்ல, வேற யாருக்கும் குடுக்கல... எப்படிப்பா குடுக்குறது? நாங்க அதுல குடியிருக்கோமே!"