காற்றுப் பார்த்து வைத்த கண்ணி

காட்டுப்பன்றி மனிதனைக் கண்ணால் பார்ப்பதில்லையாம், மூக்கால்தான் பார்க்கிறதாம். ரஞ்சன்குடிப் பக்கம் ஒருவன் கண்ணிக் கம்பியைச் சாணித் தண்ணீரில் வேகவைத்து, தன் உடம்பிலும் சாணியைப் பூசிக்கொண்டு போய் வைத்தானாம். வந்த பன்றியெல்லாம் மாட்டியதாம். கூட்டாளி காசிநாதன், தன் மாமனார் சந்தையில் கேட்டதாக வந்து சொன்னான். பிலவேந்திரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்வான்? உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ரேஷன் அரிசி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஏலாக்குறிச்சிக்குத் தெற்கே கொள்ளிடக் கரையில் அவன் போட்டிருந்த சர்க்கரைவள்ளிதான் அடுத்த அறுப்பு வரைக்கும் வீட்டுக்குச் சோறு. அதைத்தான் பன்றிகள் கிளறிக்கொண்டிருந்தன. முன்பு வைத்த கண்ணி வரைக்கும் வந்த குளம்படி, அங்கே நின்று, சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் அவன் துப்பிய வெற்றிலைச் சாறு காய்ந்து கிடந்தது.

இந்த முறை வெற்றிலை, பீடி, தலைக்கு எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் விட்டான். வேட்டியை எருக்குழியில் புதைத்து எடுத்துக் கட்டினான். வேகவைத்த கம்பியைக் கையால் தொடாமல் வாழை மட்டையில் பிடித்துக்கொண்டு போய், ஆற்றுக்காற்று எதிர்முகமாக அடிக்கும் நேரம் பார்த்து, வேலிச் சந்தில் வைத்தான். வைத்தபின் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது காசிநாதனின் உத்தரவு.

"ஏங்க, ஞாயித்துக்கெழம பூசைக்கு இந்த நாத்தத்தோடயா வரப்போறீங்க?" என்றாள் மனைவி சூசையம்மாள்.

"நான் வரல. பன்னி மாட்டட்டும், அப்பறம் வரேன்."

"பன்னிக்காகப் பூசைய வுடுற மனுசன இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகத்தான் போனாள். கோயில் வாசலில் ஆளாளுக்குக் கேட்ட கேள்வியில் அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொழுது சாய, பக்கத்து ஊரில் கூலிவேலை முடிந்து பிலவேந்திரன் திரும்பியபோது அந்த முகம் தெளிந்திருந்தது.

"கோயில் உபதேசியாரக் கூட்டிட்டுப் போயி வயல மந்திரிச்சாச்சுங்க. நீங்க பூசைய வுட்டதுக்கும் சேத்து."

"வயலயா? யார் யாரு போனீங்க?"

"தெருவே வந்துச்சு. சாம்பிராணி போட்டு, வரப்பு வரப்பா செபமால சொல்லிக்கிட்டு நடந்தோம்."

"கண்ணிகிட்ட போவலையே?"

"அதுக்குத்தான் மொதல்ல தீர்த்தம் தெளிச்சாரு. நான் மல்லிப்பூ சுத்திவுட்டேன்."

பிலவேந்திரன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கத்தினால் செபத்தைப் பழித்த பாவம். கத்தாவிட்டால் வயிறு எரிகிறது. "நல்லா இருங்கடி" என்று மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

விடிந்து போய்ப் பார்த்தால், பன்றிக்கூட்டம் கண்ணிப் பக்கமே வரவில்லை. ஆற்றோர வேலியைப் பிய்த்துக்கொண்டு புகுந்து, பாதிக் கொடியைக் கிளறிப் போட்டிருந்தது. கம்பியில் மல்லிகை வாடக்கூட இல்லை.

காசிநாதன் குனிந்து பார்த்தான். "மச்சான், தீர்த்தம் வேல செஞ்சிருக்குய்யா. கண்ணிக்கு ஒரு கொறையும் வரல."

"வாய மூடுறா. சாணியில பொரண்டவன் நான். தெருவையே கூட்டியாந்து கண்ணியில மனுச வாடைய ஏத்திவுட்டிருக்கா இவ!"

"இன்னைக்கும் வரும், மச்சான். ருசி கண்டுடுச்சு."

அது பிலவேந்திரனுக்கும் தெரியும். கண்ணியிலிருந்து மனித வாடை போகும்வரை காத்திருந்தால் கிழங்கு மிஞ்சாது. இனித் துப்பாக்கிதான். அவன் கடலை விற்கும் அரியலூர் மண்டியின் முதலாளிக்கு லைசென்சோடு ஒரு துப்பாக்கி உண்டு. ஆனால் பஸ் ஏறிப் போய் இறங்கினால், முதலாளி பெரம்பலூர் வீட்டுக்குப் போயிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, குடலப் பொரட்டுது" என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார் கணக்கப்பிள்ளை இளையபெருமாள். ஆனாலும் இரக்கப்பட்டு, வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொல்லி எக்சேஞ்சில் கேட்டார். வெகுநேரம் கழித்து லைன் கிடைத்தது.

"மணி அடிக்குது."

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்தா சொல்ல மாட்டனா? வூட்டுல ஒரு ஈ காக்கா இல்லையா என்ன?"

வெளியே மண்டி வாசலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி இப்போதே துப்பாக்கியோடு கார் எடுத்தாலும் இருட்டுவதற்குள் கொள்ளிடக் கரைக்கு வர முடியுமா என்று பிலவேந்திரன் மனசுக்குள் கணக்குப் போட்டான்.

"வச்சுடவா?"

"வச்சுடாதீங்க சார். இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்."

இளையபெருமாள் பெருமூச்சு விட்டு, குழாயைக் காதில் வைத்தபடியே நின்றார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.