காதர் பாய் காலியாக விட்ட ஆணி

காதர் பாய் இறந்த செய்தி நான் டியூட்டியில் இருக்கும்போது வந்தது. கடத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தருமபுரி அழைப்பை எடுத்ததும், "மேரியம்மா, பாய் போயிட்டாருங்க" என்றார் அங்குள்ள வாட்ச்மேன். அழுதேன். அவர்மேல் எனக்கிருந்த பொறாமை எங்கள் எக்ஸ்சேஞ்சில் எல்லோருக்கும் தெரியும். இனி எதற்கு ஒளிவுமறைவு?

அறுபதுகளில் நான் தருமபுரி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவர் லைன் வேன் டிரைவர். ஒகேனக்கல் சாலையில் கம்பி அறுந்தால் ஆட்களையும் ஏணியையும் ஏற்றிக்கொண்டு போவார். பாதி வழியில் வேன் நின்றுவிடும். "அதுக்கு மூச்சு வாங்குதுங்க, நாம டீ குடிப்போம்" என்பாராம். இங்கே ஊர்த் திட்டையெல்லாம் நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு அழைப்புகளை இணைக்கும் ஸ்விட்ச்போர்டு புதிதாக வந்தது. பழைய போர்டையும் ஓடாத வேனையும் ஏலம் விட முடிவானது. பாய் மூன்று நாள் அதிகாரியின் மேசைமுன் நின்றார். "இது ரெண்டும் போயிட்டா, நாம வேல செஞ்சோம்னு யாருங்க நம்புவாங்க?" என்று கேட்டே ஏலத்தை நிறுத்தி, அவற்றை வைக்கப் பின்பக்க ஷெட்டையும் வாங்கிவிட்டார். துடைத்து, வர்ணம் பூசி, சின்ன அருங்காட்சியகமே வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பெரிய அதிகாரி வந்து மாலை போட்டார். பதினொரு வருடம் அந்தப் போர்டில் தொண்டை வறளக் கத்தியவள் நான். அதில் ஒரு 'ஹலோ'கூடச் சொல்லாதவருக்கு மாலை! எனக்கு வயிறு எரிந்தது.

ஆபரேட்டர்களில் ஒருத்தியின் ஹெட்போனை இன்னொருத்தி மாட்டமாட்டாள். அவரவர் பெயரைக் கீறி வைத்திருப்போம். பாய் எல்லோருடையதையும் கேட்டு வாங்கி, போர்டுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். என்னிடம் கேட்டபோது, "தொலஞ்சு போச்சுங்க பாய்" என்றேன். அது என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது.

"கெடைக்கறப்ப குடுங்க. ஆணி அங்கயே இருக்கும்" என்றார்.

கடத்தூருக்கு மாற்றலாகும்வரை நான் அந்த ஷெட்டில் கால் வைக்கவில்லை. அவருடைய அடக்கத்துக்குப் போன அன்றுதான் வாட்ச்மேன் திறந்துவிட்டார். முதல் ஆணி காலியாக இருந்தது. அதன் கீழே ஓர் அட்டை, பாயின் கோணல் எழுத்து: "மேரியம்மா. இந்தப் போர்டில் அதிக வருடம் பேசியவர். ஹெட்போனை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்."

"வர்ற பிள்ளைங்கள மொதல்ல இதத்தாங்க படிக்கச் சொல்லுவாரு" என்றார் வாட்ச்மேன்.

மறுநாளே ஹெட்போனைக் கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டினேன். அட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். இப்போது என் பெட்டியில் இருப்பது அதுதான். என் பொய் தெரிந்தும் இப்படி எழுத ஒரு மனிதரால் முடிந்திருக்கிறது. எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.