ஏரி வீட்டுக்குப் புதுப் பூட்டு

கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என் மகன் மூன்று மாதமாக அங்கே போகவே இல்லை என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தினமும் காலையில், கல்லூரி இருக்கும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பஸ்ஸில் ஏறியிருக்கிறான். இறங்கி எங்கே போனான் என்று இன்னும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் சட்டைப்பையைத் தடவுகிறேன், காலணியின் அடியில் என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறேன். இந்த வேலை எனக்குப் புதிதல்ல. பத்து வயதிலேயே கைவந்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கனடாவில், மாண்ட்ரியலை ஒட்டிய லொங்குய்யில் இருந்தோம். அப்பா எஞ்சினியர். மாண்ட்ரியலுக்கு வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒரு ஏரிக்கரையில் சின்ன மரவீடு வாங்கியிருந்தார். திருச்சிக்கு எழுதும் கடிதங்களில் அது பங்களா. கோடையில் போய்த் தங்குவோம். அக்டோபரில் ஒரு நாள் போய் மூடிவிட்டு வருவோம். மூடுவது என்றால் பூட்டுவது மட்டுமல்ல. குழாய்களில் தண்ணீர் நிற்கக் கூடாது, உறைந்து வெடித்துவிடும். ஒரு மணி அரிசி இருக்கக் கூடாது, எலி வரும். அப்பாவிடம் இதற்கெல்லாம் எண் போட்ட பட்டியல் உண்டு.

எனக்குப் பத்து வயதான வருஷத்துக்கு முந்தின வருஷம் வரை சித்தப்பாவும் கூட வருவார். அவரை ஊரிலிருந்து வரவழைத்து, சொல்லி வைத்து வேலையில் சேர்த்தது அப்பாதான். அந்த வேலை வசந்தத்தில் போயிற்று. “வேற வேலை கிடைச்சப்புறம் என் வாசப்படி மிதி” என்று அப்பா சொல்லிவிட்டார். ஜூலையில், டொராண்டோவில் வேலை கிடைத்துவிட்டதாக ஒரு தபால் அட்டை வந்தது. அதிலிருந்து அப்பா தம்பியைப் பற்றி எல்லோரிடமும் பெருமையாகப் பேசினார், தம்பியிடம் மட்டும் பேசவில்லை.

அந்த அக்டோபரில் நாங்கள் மூவரும் ஏரி வீட்டுக்குள் நுழைந்தபோது, யாரோ அங்கே இருந்துவிட்டுப் போயிருப்பது தெரிந்தது. கதவு உடைபடவில்லை. ஆனால் கணப்பில் புதுச் சாம்பல். விறகு பாதி குறைந்திருந்தது. என் கட்டிலில் கம்பளி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் எதையும் மடித்து வைக்கிறவள் அல்ல.

“சாவி நம்மகிட்ட ஒண்ணு, அந்தக் கிழவர்கிட்ட ஒண்ணு. வேற யாரு?” என்றார் அப்பா.

கிழவர் பக்கத்து வீட்டுக்காரர். குளிர்காலம் முழுக்கக் கூரையில் சேரும் பனியைத் தள்ளி எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்.

நான் துப்புத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் காப்பி ஃபில்டரை அவசரமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கொட்டிய தூள் ஈரமாக இருந்தது. லேசாக ஆவிகூட வந்தது.

“என்னம்மா அது?”

“பழைய தூள். போய் அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணு.”

ஆகஸ்டில் போட்ட தூள் அக்டோபரில் சுடுமா? நம் ஃபில்டரில் எந்தத் தட்டுக்குள் தூள் போடுவது என்று அந்தக் கிழவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கிழவரும் அம்மாவும் கூட்டு என்று முடிவு செய்தேன்.

அப்பா கிழவரைக் கூப்பிட்டு விசாரித்தார். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான்தான் மொழிபெயர்ப்பு.

“உள்ள காலே வைக்கலையாம்ப்பா. காலையில புகை வந்துதாம். நாமதான் வந்திருக்கோம்னு நெனச்சாராம்.”

“கார் இல்லாம பறந்து வந்தோமான்னு கேளு.”

கேட்டேன். கொஞ்சம் சந்தோஷமாகவே கேட்டேன். கிழவர் தன் சாவிக்கொத்தை எடுத்தார். சாவியை வளையத்திலிருந்து கழற்ற அவருக்கு நேரமாயிற்று, விரல்கள் விறைத்திருந்தன. அதைக் காரின் மேல் வைத்துவிட்டு “போன்ஜூர்” என்றார். அங்கே கிளம்பும்போதும் அந்த வணக்கத்தைத்தான் சொல்வார்கள்.

அவர் மாற்றுச் சாவி செய்திருக்கலாம் என்று அப்பா காரிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து வந்தார். அதற்குள் அம்மா சமையலறையில் ஒரு குடம் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் அரிசி, பருப்பு, தீப்பெட்டி, ஒரு ஜாடி ஆவக்காய்.

“வீட்டை வெறுமையா விட்டுட்டுப் போகக் கூடாதுங்க. நெறகுடம் இருக்கணும்.”

“மூணு வருஷமா இல்லாத சாஸ்திரம். சரி, அரிசி எலிக்கு. ஆவக்காய் யாருக்கு?”

“எலிக்கு இந்த வருஷம் பசி ஜாஸ்தியா இருக்கும்.”

அப்பா சிரித்துவிட்டு மெயின் வால்வை மூடப் போனார். நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினாள்.

காரில் ஏறியதும் சொல்லிவிட்டேன். “அப்பா, பின்கதவு தாழ் போடலை.”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. அப்பா இறங்கிப் போய்ப் பின்கதவைத் தாழிட்டு, முன்கதவில் புதுப் பூட்டை மறுபடி தொங்கவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். “கெட்டிக்காரி” என்று என் தலையைத் தட்டினார்.

முக்கால் மணி நேரம் போயிருப்போம். நெடுஞ்சாலை ஏறும் இடத்தில் பனித்தூறல் தொடங்கியது. வைப்பர் ஓடத் தொடங்கியதும் அம்மா சொன்னாள்:

“வண்டியைத் திருப்புங்க.”

“எதை மறந்தே?”

“உங்க தம்பியை வெளியில விட்டுப் பூட்டிட்டு வந்திருக்கோம்.”

அப்பா காரை ஓரமாக நிறுத்தினார். வைப்பர் போய்ப் போய் வந்தது. போன வருஷம் படகைப் பழுது பார்க்கச் சித்தப்பாவுக்கு ஒரு சாவி கொடுத்ததும், அதை யாரும் திருப்பி வாங்காததும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “எஞ்சினியர்” என்று தன்னைத்தானே திட்டுவது போல முனகிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

சித்தப்பா முன்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ரொட்டிப் பாக்கெட். அதை வாங்கத்தான் காலையில் ஊர்வரை நடந்து போயிருக்கிறார். தொப்பி இல்லாத தலையில் பனி. அப்பா அவர் எதிரில் போய் நின்றார்.

“டொராண்டோவுல குளிர் எப்படிடா?”

“இங்க மாதிரியேதான் அண்ணா.”

அப்பாவின் வாய் கோணியது. போய்ப் பூட்டைத் திறந்தார். “எங்க ஒளிச்சு வெச்சியோ, உன் துணிமணியை எடுத்துட்டு வந்து வண்டியில ஏறு” என்றார்.

வழியில் கிழவர் வீட்டு முன்னால் கார் நின்றது. அவர் கழற்றித் தந்த சாவியை எடுத்துக்கொண்டு அப்பா தனியாகப் போனார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் சட்டையில் விறகுப் புகை வீசியது. “பின்கதவு தொறந்திருக்குன்னு நான்தான் சொன்னேன்” என்றேன். அவர் தலையாட்டினார். சற்று நேரத்தில் ஜன்னலில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிப்போனார்.

அப்பா முன்னாலிருந்த கண்ணாடியைத் திருகித் திருகி, கீழ்நோக்கிச் சாய்த்துப் பார்த்தபடியே ஓட்டினார். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, வழி நெடுக. யாரோ எங்களைப் பின்தொடர்கிறார்கள், அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்கு உதவியாக நானும் சீட்டில் மண்டியிட்டுத் திரும்பி, பனியில் வெறுமையாகக் கிடந்த அந்தச் சாலையை லொங்குய் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.