தலைதீபாவளிக்குக் குறுக்கே ஓடிய ஆறு

கல்யாணமாகி ஐந்தாம் மாதம் எங்களுக்குத் தலைதீபாவளி வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். வேங்கிக்காலில் ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்கு வேலை. தீபாவளிக்கு முந்தின நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, புது மொபெட்டில் மனைவியை ஏற்றிக்கொண்டு மாமனார் ஊருக்குக் கிளம்பினேன். அவள் மடியில் பை நிறையப் பட்டாசு. நனையாமலிருக்க பிளாஸ்டிக் கவரில் நாலு சுற்று சுற்றியிருந்தாள்.

ஊர் செய்யாற்றின் அக்கரையில் இருந்தது. குறுக்கே ஒரு தரைப்பாலம். மற்ற நாளில் அதன் இரண்டு பக்கமும் வெறும் மணல்தான். அன்றைக்கு மூன்று நாள் மழைத் தண்ணீர் பாலத்துக்கு மேலேயே ஓடியது. இக்கரையில் ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் நின்றிருந்தன.

"முழங்கால் அளவுதான் இருக்கும். போயிடலாம்" என்றேன். அக்கரையில் குடையோடு நின்ற மாமனார் ஒரு கையை வேகமாக ஆட்டினார். வராதே என்றுதான் ஆட்டியிருக்கிறார். நான் என் வசதிக்கு 'வா' என்று எடுத்துக்கொண்டேன்.

மனைவி பையோடு இறங்கிவிட்டாள். "நீங்க வேணா போங்க. நான் வரல."

"இவ்ளோ தூரம் வந்துட்டு?"

"வண்டிய ஆஃப் பண்ணுங்க மொதல்ல."

நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஆஃப் பண்ணினேன். அதற்குள் வேன் உறுமியது. உள்ளே ஒரு குடும்பம், குழந்தைகள், பலகார டின்கள். அவள் நேராகப் போய் வேனுக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளும்மா. தெனம் போற ரோடு. கண்ண மூடினு ஓட்டுவேன்" என்றார் டிரைவர்.

"ஓட்டலாம்ணா. ரோடு அங்க இருக்கணுமே! ஓரமா நட்ட காவக்கல்லு எல்லாம் தலைய நீட்டினு நிக்குது. நடுவுல மட்டும் நாலு கல்லக் காணோம், பாருங்க."

எல்லாரும் எட்டிப் பார்த்தோம். அவள் சொன்ன இடத்தில் கல் இல்லை. தண்ணீர் மட்டும் சுழித்துக்கொண்டிருந்தது. வேனிலிருந்து ஓர் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். காலி வண்டியில் தனியாக உட்கார்ந்திருக்க டிரைவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே இன்ஜினை நிறுத்தினார்.

சுற்றிப் போகும் ரோட்டிலும் ஏரித் தண்ணீர் ஓடுகிறது என்று பஸ் கண்டக்டர் சொன்னார். ராத்திரி தங்கப் பக்கத்து ரைஸ்மில்காரர் கதவைத் திறந்துவிட்டார். தவிட்டு வாசனைக்கு நடுவே முப்பது பேர் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். முதலில் யாரோ ஒரு டின்னைத் திறந்தார்கள், அப்புறம் ஒன்றும் மூடியிருக்கவில்லை. ஏழு வீட்டு அதிரசம் தின்றேன். எது ஒசத்தி என்று பெண்கள் என்னைக் கேட்டபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை.

விடியும்போது மழை விட்டிருந்தது. அக்கரையில் படபடவென்று ஒரு சரவெடி. மாமனார்தான்! நாங்களும் ஒன்று கொளுத்தினோம். அவர் ஒன்று வெடிப்பார், நாங்கள் ஒன்று வெடிப்போம். ஆற்றுக்கு மேலே புகை போய்க்கொண்டே இருந்தது. வேன் டிரைவர்தான் எங்கள் பக்கத்துப் பட்டாசுக்கெல்லாம் பொறுப்பு. பீடியாலேயே பற்றவைத்தார்.

பத்து மணிக்குத் தண்ணீர் இறங்கியது. பாலத்தின் நடுவில் ஒரு பஸ் நீளத்துக்குப் பாலமே இல்லை. கம்பிகள் மட்டும் வளைந்து நின்றன. வேன் டிரைவர் என் மனைவியிடம் வந்து, "நல்லா இரு தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

சுற்று வழி திறந்ததும் பெரிய பாலம் வழியாகப் போய், ரெண்டு மணிக்கு மாமனார் வீட்டு வாசலில் இறங்கினோம். இலையில் உட்கார்ந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "நான் ஆத்துல எறங்கிதான் இருப்பேன் மாமா. இவதான் விடல."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் மகளை ஒரு தரம் பார்த்தார்.

"இனிமே ஆத்துப் பக்கம் வந்தா அவ பேச்ச கேளுங்க மாப்ள" என்று சொல்லி, கேட்காமலே இலையில் இரண்டு வடை வைத்தார்.