கை ஒடிஞ்சாலும் பரவால்லீங்க

வலியை அளக்கறதுதாங்க என் வேலை. அதுக்குத் தராசுதான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை. கை ஒடிஞ்ச குழந்தையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவங்களுக்கு என் பாடு புரியும். கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவு நர்ஸ் நான். அப்படி வர்ற குழந்தைகளுக்கு ரெண்டு வலி சிரப்புல எது நல்லாக் கேக்குதுன்னு எங்க டாக்டரம்மா ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பெத்தவங்க சம்மதிச்சா ரெண்டுல ஒண்ணைக் குடுப்போம். கொஞ்ச நேரம் கழிச்சு, சிரிக்கற மூஞ்சியில இருந்து அழுகற மூஞ்சி வரைக்கும் வரைஞ்ச அட்டையை நான் நீட்டுவேன். குழந்தை தொடற மூஞ்சிதான் கணக்கு. வலி அடங்கலைன்னா உடனே வேற மருந்து. அதனால குழந்தை நெசத்தைச் சொல்லியே ஆகணும்!

தறிக்காரர் யோசனை

கருமத்தம்பட்டியில தறி ஓட்டறவர் ஒருத்தர், சைக்கிள்ல இருந்து விழுந்த மகனோட வந்தாரு. எந்த சிரப் குடுத்தீங்கன்னு கேட்டாரு. பேரு தெரிஞ்சா கணக்கு ஒரு பக்கமாச் சாஞ்சுரும்னு பாட்டில்ல பேரே இருக்காது, எனக்கே தெரியாதுன்னேன். மனுசன் ஆடிப்போயிட்டாரு! ரெண்டும் நல்ல மருந்துதான், எது ஒசத்தின்னுதான் பார்க்கறோம்னு வெளக்கினேன். தாடையைச் சொறிஞ்சுட்டுச் சொன்னாரு: "அப்ப ரெண்டையும் ஒண்ணா ஊத்திப்போடுங்க சிஸ்டர், எது கேட்டாலும் நமக்கு லாபந்தானுங்களே!"

சிரிச்ச மூஞ்சி

கிணத்துக்கடவுப் புள்ளை ஒண்ணு, கொய்யா மரத்துல இருந்து விழுந்து முன்கை வளைஞ்சே போச்சு. சிரப் குடுத்துட்டு, அப்புறம் அட்டையை நீட்டினேன். சிரிக்கற மூஞ்சியைத் தொட்டுச்சு பாருங்க, எனக்குத் தலைகால் புரியலை! மருந்து ஜெயிச்சுருச்சுன்னு டாக்டரம்மாவைக் கையோட கூட்டியாந்தேன்.

அவங்க கிட்ட வந்து பார்த்தா, புள்ளை உதட்டைக் கடிச்சுட்டு இருக்குது, கண்ணு ரெண்டும் தளும்பி நிக்குது. உடனே வேற மருந்து ஏத்தச் சொல்லிட்டு, ஏங்கண்ணு அந்த மூஞ்சியத் தொட்டேன்னு கேட்டாங்க. "அழுகறதைத் தொட்டா சிஸ்டரக்கா சங்கடப்படுவாங்களேன்னுதானுங்க."

புதுக் கேள்வி

எனக்கு ஆத்திரமா வந்துது. நம்ம ஊரு மரியாதை எலும்புக்குள்ளயுமா போகணும்? அடுத்து வந்தான் ஈரோட்டுப் பையன், முழங்கைக்கு மேல முறிவு. சிரப் குடுத்து நேரமாச்சு, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. அவனைக் கேட்டா அவங்கம்மா முந்திக்கிட்டு, "லேசாத்தானுங்க, பரவால்லீங்க"ங்கறாங்க. அவனும் அதையே சொல்றான்.

அட்டையைத் தூக்கி ஓரமா வெச்சேன். "தங்கச்சி இருக்காளா கண்ணு? சண்டை போடுவீங்களா?" "தெனமுமுங்க." "அப்ப இந்த வலியை அவளுக்குக் குடுத்துறலாமா?" பையன் பதறிப்போய்க் கத்தினான்: "வேண்டாமுங்க சிஸ்டர், அவ செத்தே போயிருவா!"

வேற மருந்து ஏறி அவன் அசந்து தூங்கினதைக் கண்ணால பார்த்துட்டுச் சொல்றேன், எந்த சிரப் ஒசத்தின்னு டாக்டரம்மா சொல்லட்டும், நம்ம ஊரு 'பரவால்லீங்க'வுக்கு மட்டும் ரெண்டு பாட்டில்லயும் மருந்து இல்லீங்க.