அழுத ஐந்தாம் வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூரில் பி.எட். படித்தேன். பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களையே குழந்தைகளாக உட்காரவைத்துப் பாடம் நடத்தச் சொல்வார்கள். மைக்ரோ டீச்சிங் என்று பெயர். தமிழ்ப் பிரிவில் ஏழெட்டுப் பேர்தான். ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் எல்லாம் ஐந்தாம் வகுப்பு.

அந்த டிசம்பரில் யாரிடமும் உற்சாகம் இல்லை. பாடக்குறிப்பு எழுதி எழுதி விரல் மரத்துப்போயிருந்தது. நான் படிப்பையே விட்டுவிடுவது என்று முடிவுசெய்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் முறை வந்தது. பாடம் வல்லினம், மெல்லினம்.

முதல் பெஞ்சில், பிரேசர் டவுனிலிருந்து வரும் அக்கா. இரண்டு பிள்ளைகளின் தாய் என்பதால் சேட்டைகள் எல்லாம் அத்துப்படி. நான் சாக்பீஸை எடுத்ததும் எழுந்தார்.

“மிஸ், இவன் என் பென்சில எடுத்துக்கினான்!”

‘இவன்’ என்றது பக்கத்தில் இருந்த வழுக்கைத் தலைக்காரரை. ஆலை மூடி வேலை போனதால், நாற்பது வயதில் படிக்க வந்தவர்.

“நான் எடுக்கல மிஸ்!”

“பொய் சொல்றான் மிஸ்!”

“சத்தியமா எடுக்கல!” குரல் உடைந்தது. நல்ல நடிப்பு என்று கைதட்டப் போனோம். கண்ணீர் நிஜமாகவே மீசையில் இறங்கியது.

பின்னால் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த கன்னடப் பேராசிரியை நிமிர்ந்தார். “ஏனப்பா இது? இந்த வயசுல அழுவாங்களா?”

“எனக்குப் பத்து வயசுதான் மேடம்,” என்றார் அவர் தேம்பலுக்கு நடுவில்.

விதிப்படி அது சரிதான். மேடம் மதிப்பெண் தாளுக்கே திரும்பினார்.

நான் மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போனேன். “என்னடா கண்ணு, காலைல சாப்டியா?” சித்தப்பா வயதில் இருந்தவரை அப்படித்தான் கேட்டேன்.

“இல்ல மிஸ். தூக்கமும் இல்ல. எனக்கு இந்த வேலை வருமான்னே தெரியல.”

“எனக்கும் தெரியலடா.”

“எனக்கும் மிஸ்,” என்று அக்காவும் அழ ஆரம்பித்தார். பென்சில் தன் பையில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, புளியோதரை டப்பாவைத் திறந்து அவரிடம் நீட்டினார். சற்று நேரத்தில் வகுப்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாப்பிட்டது.

“சாகு, சாகு! போதும்! அழறது சிலபஸ்ல இல்ல!” என்று மேடம் மணியடித்தார். பிறகு தானும் ஒரு கை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில், மைக்ரோ டீச்சிங்கில் குழந்தைகள் அழவோ உண்ணவோ கூடாது என்று எழுதியிருந்தது. எல்லாரும் சேர்ந்து நின்று படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். படிப்பை விடுவதாக அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் வழுக்கைத் தலைக்காரர் பாடம் நடத்தினார். பேசிக்கொண்டே இருந்ததற்காக என்னை வெளியே நிற்கவைத்தார். வராந்தாவில் இதமான வெயில்.